மே மாதத்து மாணவர்கள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் அறிவியல், தொழில்நுட்ப ஆசிரியர்கள் தங்களைப் புதுப்பித்துக்கொள்வது எப்படி? அதில் இன்னும் விடுபட்டிருப்பது எது?

களியிக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் நோக்கிப் பேருந்து நகர்ந்தால், இஞ்சிவிளை வந்ததும் கடைப்பலகைகளில் எழுத்து மாறிவிடும். பேச்சு அவ்வளவு சட்டென்று மாறாது. விளவங்கோட்டுப் பக்கத்தில் மலையாளம் பேசும் வீடுகள் உண்டு. பாறசாலைப் பக்கத்தில் தமிழ் பேசும் வீடுகள் உண்டு. பெண் கொடுத்து, பெண் எடுத்த உறவுகள் இரண்டு பக்கமும் கிளைவிட்டுக் கிடக்கின்றன. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சென்னை மாநிலத்தோடு இணைக்கக் கேட்ட தாலுகாக்களின் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது.

அன்று போட்ட கோடு பள்ளிக்கூடங்களையும் பிரித்தது. ஒரே மழை, ஒரே மண், ஒரே ரப்பர், ஒரே மரச்சீனி. ஆனால் பாடநூல் வேறு, தேர்வு வேறு, ஆசிரியருக்குப் பயிற்சி தரும் அலுவலகம் வேறு.

மே மாதம் இந்தப் பகுதிக்கு வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். பிள்ளைகள் விடுமுறையில் மாமர நிழலில் கிடக்க, ஆசிரியர்கள் தோளில் மடிக்கணினிப் பையோடு பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். தனுவச்சபுரம், குன்னத்துக்கால், காரோடு, குளத்தூர் பக்கத்துப் பள்ளிகளில் கற்பிப்பவர்கள் அந்த நாள்களில் மாணவர்களாக பெஞ்சில் உட்காருகிறார்கள். கேரளத்தின் கோடை விடுமுறைப் பயிற்சி இது. ஆண்டு நடுவில் நடக்கும் கூட்டத்துக்கு 'கிளஸ்டர்' என்று பெயர். நெய்யாற்றின்கரை கல்வி மாவட்டத்துக்குள் நெய்யாற்றின்கரை, பாறசாலை, பாலராமபுரம், காட்டாக்கடை என்று உபமாவட்டங்கள் இருக்கின்றன. பாட வாரியாக ஆசிரியர்களைக் கூட்டி, 'ஆர்.பி.' என்று அழைக்கப்படும் கருத்தாளர்கள் பயிற்சியை நடத்துவார்கள். அந்த ஆர்.பி.யும் பெரும்பாலும் பக்கத்துப் பள்ளியில் அதே பாடம் எடுக்கும் ஆசிரியர்தான்.

இங்கே ஆசிரியர் மாநாடு என்றால் மேடை, பொன்னாடை, வாழ்த்துரை என்று நினைக்கவேண்டியதில்லை. இந்தச் சிறிய அறைகளில் இருபத்தைந்து பேர் கூடி உட்காருவதுதான் நிஜமான மாநாடு.

கேரளத்தில் இந்த ஏற்பாடு ஒரே நாளில் முளைத்ததல்ல. 1962இல் கோழிக்கோட்டில் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், அறிவியலைத் தாய்மொழியில் சொல்லவேண்டும் என்ற ஆசையில் கூடிய எழுத்தாளர்களின் சங்கமாகத்தான் பிறந்தது. வளர்ந்தபோது அதன் முதுகெலும்பாக நின்றவர்கள் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள். 1970இல் பிள்ளைகளுக்காக 'யுரேகா' இதழ் வந்தது. அமைதிப் பள்ளத்தாக்கைக் காப்பாற்றிய போராட்டத்தில் முன்னணியில் நின்ற, பரிஷத்தைச் சேர்ந்த எம்.கே. பிரசாத் தாவரவியல் ஆசிரியர். 1996இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் 'ரைட் லைவ்லிஹுட்' விருது பரிஷத்துக்குக் கிடைத்தது. அறிவியல் ஆசிரியர் என்பவர் பாடத்தை ஒப்பிப்பவர் அல்ல, ஊரின் கேள்விகளுக்கும் பதில் தேடவேண்டியவர் என்ற எண்ணம் கேரளத்தில் ஊன்றியதற்கு இந்த இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. எல்லைக்கு இந்தப்புறம் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், அது பிள்ளைகளுக்காக நடத்தும் 'துளிர்' இதழும் அதே வேரிலிருந்து கிளைத்தவைதான்.

பிறகு கணினி வந்தது. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 'ஐடி@ஸ்கூல்' திட்டம் 2001இல் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். பள்ளிகளில் எந்த மென்பொருளை வைப்பது என்ற விவாதம் அடுத்த சில ஆண்டுகள் சூடாக நடந்தது. அதில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களோடு ஆசிரியர் அமைப்புகளும் களத்தில் நின்றன. கடைசியில் கேரளப் பள்ளிகள் முழுக்க லினக்ஸுக்கு மாறின. உரிமக் கட்டணம் மிச்சமானதைத்தான் செய்தித்தாள்கள் எழுதின. இந்தக் கட்டுரை பெரிதாகப் பார்ப்பது வேறொன்றை. வகுப்பறையில் வைக்கப்போகும் கருவியைப் பற்றி ஆசிரியர்களும் வாய் திறந்தார்கள், அவர்கள் சொன்னது எடுபட்டது. ஆசிரியர் வளர்ச்சி என்பதில் இதைவிட முக்கியமான பாடம் வேறு இருக்க முடியாது.

ஐடி@ஸ்கூல் 2017இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2018இல் 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கும் வேலை தொடங்கியது. அதே ஆண்டு ஜனவரியில் மாணவர்களுக்கான 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் வந்தன. 2020 ஜூன் 1 அன்று, பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சியில் வகுப்புகள் ஒளிபரப்பாயின. கேமராவுக்கு முன்னால் நின்று பழக்கமில்லாத சாதாரணப் பள்ளி ஆசிரியர்கள்தான் அவற்றை எடுத்தார்கள். தமிழ், கன்னட வழி மாணவர்களுக்கும் தனியே வகுப்புகள் தயாராயின.

2024 மே 2 முதல் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி தொடங்கியது. எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் 80,000 ஆசிரியர்களுக்கு, ஆளுக்கு மூன்று நாள், குழுவுக்கு 25 பேர் என்று திட்டம். நீண்ட கட்டுரையைச் சுருக்குவது, படம் உருவாக்குவது, வினாத்தாள் தயாரிப்பது ஆகியவற்றோடு போலிக் காணொளியை அடையாளம் காண்பது, பிள்ளைகளின் தனிவிவரங்களைக் காப்பது ஆகியவையும் பாடத்தில் இருந்தன. அந்தக் கல்வியாண்டில்தான் ஏழாம் வகுப்புக் கணினிப் பாடநூலில் செயற்கை நுண்ணறிவு இடம்பிடித்தது. முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கண்டுபிடிக்கும் சிறிய நிரலைப் பிள்ளைகளே எழுதவேண்டும். 2025-26இல் பத்தாம் வகுப்பில் ரோபாட்டிக்ஸ் எல்லாருக்கும் கட்டாயப் பாடமானது. பள்ளிகளுக்கு 29,000 கருவிப் பெட்டிகள் கொடுத்திருப்பதாகக் கைட் சொல்கிறது.

நீலப் பெட்டியில் ஒரு திருகாணி

அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். ஆர்டுயினோ பலகை, எல்.இ.டி. விளக்குகள், பிரெட்போர்டு, ஒளியை உணரும் எல்.டி.ஆர்., ஒரு பஸ்ஸர், விரல் நீளம்கூட இல்லாத சர்வோ மோட்டார், அகச்சிவப்பு உணரி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் செய்துபார்க்கும் வேலைகளில் ஒன்று, கையை நீட்டினால் தானே சொட்டும் சானிடைசர் கருவி.

அகச்சிவப்பு உணரியில் மிளகு அளவில் இரண்டு குமிழ்கள் இருக்கும். ஒன்று தெளிவானது, ஒன்று கறுப்பு. தெளிவான குமிழ் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்பும். முன்னால் கை வந்தால் கதிர் பட்டுத் திரும்பும். கறுப்புக் குமிழ் அதைப் பிடித்துப் பலகைக்குச் சொல்லும். பலகை மோட்டாருக்குச் சொல்லும். மோட்டார் திரும்பி புட்டியை அழுத்தும். கையேட்டில் எல்லாம் தெளிவாக இருக்கிறது.

பயிற்சி அறையில் ஜன்னலைச் சாத்தி, ப்ரொஜெக்டர் போட்டுக்கொண்டு செய்யும்போது கருவி ஒழுங்காக வேலை செய்யும். அதையே பள்ளிக்குக் கொண்டுவந்து காலை பத்து மணி வெயில் விழும் மேசையில் வைத்தால், கை நீட்டாமலே மோட்டார் சுழலும். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு நிறைய இருக்கிறது. உணரிக்கு எது கை, எது வெயில் என்று தெரியாது. சில கறுப்புத் துணிகளை முன்னால் நீட்டினால் நேர்மாறாக ஒன்றும் நடக்காது, ஏனென்றால் அவை கதிரை விழுங்கிவிடும். நாற்பது பிள்ளைகள் முன்னால் கருவி கோளாறு பண்ணும்போது, மூன்று நாள் பயிற்சி முடித்த ஆசிரியருக்கு உள்ளங்கை வியர்க்கும்.

மருந்து மிகச் சிறியது. உணரிப் பலகையின் மேல் நீல நிறத்தில் ஒரு பொடிப் பெட்டி இருக்கும்; அதன் தலையில் சிலுவை போட்ட திருகாணி. சின்ன ஸ்க்ரூ டிரைவரால் அதைக் கால் சுற்றுத் திருப்பினால் உணரும் தூரம் மாறும். அல்லது கறுப்புக் குமிழைச் சுற்றி இன்சுலேஷன் டேப்பால் குழாய் மாதிரிச் சுற்றிவிட்டால் பக்கவாட்டு வெயில் படாது. அதுவும் போதவில்லையென்றால் மேசையை நகர்த்தலாம். இதைச் சரிசெய்த ஆசிரியர், சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரிவது ஒரு பகுதிதான் என்ற இயற்பியல் பாடத்தை அந்த இடத்திலேயே நடத்திவிடலாம். கோளாறே பாடமாகிவிடும்.

இந்த அறிவு எந்தக் கையேட்டில் கிடைக்கும்? பக்கத்துப் பள்ளியில் போன வாரம் இதே அவஸ்தைப்பட்ட ஆசிரியரிடம்தான் கிடைக்கும். இன்னொரு உதாரணம் சொல்லலாம். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுக்கும் நிலைமின்னியல் சோதனை. ஜூன் மாதம் பள்ளி திறந்து, தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும்போது இது இந்தப் பக்கத்தில் எடுபடாது. காற்றின் ஈரம் மின்னூட்டத்தைத் தங்கவிடாது. ஜனவரியில் ஓடும். எந்தச் சோதனையை எந்த மாதம் செய்வது என்ற கணக்கு, நாற்று நடுகிறவருக்கு நாள் தெரிந்திருப்பதைப் போல, அந்தந்த ஊர் ஆசிரியருக்குத்தான் தெரியும். அதை வெளியே எடுத்துப் பங்கிட ஓர் இடம் வேண்டும்.

பயிற்சி எல்லாம் மேலிருந்து கீழே வருகிறது. பூஜப்புரையில் இருக்கும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமான எஸ்.சி.இ.ஆர்.டி.யும் கைட்டும் முடிவு செய்யும். மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், உபமாவட்டக் கருத்தாளர் என்று படிப்படியாக இறங்கி ஆசிரியரிடம் வரும். இவ்வளவு பெரிய எண்ணிக்கைக்கு இதைவிட வேகமான வழி இல்லை என்பதும் உண்மை. ஆனால் கீழிருந்து மேலே போகும் வழி அதே அகலத்தில் இருக்கிறதா? ஜன்னல் வெயிலைப் பற்றிப் பாறசாலை ஆசிரியர் சொன்னால், அடுத்த ஆண்டுக் கையேட்டில் அது ஏற வேண்டும். அப்போதுதான் பயிற்சி உயிரோடு இருக்கும்.

ஹோஷங்காபாத் காட்டிய வழி

இந்தியாவில் இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள் முன்னெடுத்தன. 1978இல் அது மாவட்டம் முழுக்கப் பரவியது; 1982இல் பிறந்த ஏகலவ்யா அமைப்பு பிறகு அதைச் சுமந்தது. பிள்ளைகள் சோதனை செய்து, தாங்களே கண்டதை எழுதிக் கற்பார்கள். பொம்மைகள் வழியே அறிவியல் சொல்லி நாடறிந்த அரவிந்த் குப்தாவுக்குப் பொறி தட்டியதும் அங்கேதான்.

அந்தத் திட்டத்தின் இதயம் மாதாந்திரக் கூட்டம். மாதம் ஒருமுறை அந்தந்த வட்டாரத்து ஆசிரியர்கள் ஒரு பள்ளியில் கூடுவார்கள். போன மாதம் எந்தச் சோதனை சொதப்பியது, பிள்ளைகள் என்ன கேள்வி கேட்டார்கள், எதற்குப் பதில் தெரியவில்லை என்பதே நிகழ்ச்சிநிரல். பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் வந்து உட்கார்ந்து அந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டினார்கள். ஆசிரியர்கள் சொன்னதைக் கேட்டுப் பாடநூல் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகள் ஓடிய திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. அது பெரிய இழப்பு.

ஜப்பானிலும் இதற்கு உறவான முறை ஒன்று உண்டு. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளையைத் திட்டமிடுவார்கள். ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் வகுப்பின் ஓரத்தில் நின்று ஆசிரியரைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். எந்த இடத்தில் பிள்ளை குழம்பியது என்று பேசி, திருத்தி, வேறொரு வகுப்பில் மறுபடி எடுப்பார்கள். இதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் நேரம் வேண்டும்.

நேரம்தான் இங்கே சிக்கல். 220 வேலை நாள் கணக்கை எட்டுவதற்காகக் கேரள அரசு 2024-25 நாட்காட்டியில் 25 சனிக்கிழமைகளை வேலை நாளாக்கியது. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை ரத்து செய்தது. கேரளப் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்கள். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாளல்ல. வாரம் முழுக்கத் தள்ளிப்போட்ட வீட்டு வேலை காத்திருக்கும் நாள். தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. அந்த 50 மணியும் ஆசிரியரின் சொந்த நேரத்திலிருந்து பிடுங்கப்பட்டால் அங்கே கற்றல் நடக்காது, கையெழுத்து மட்டுமே நடக்கும். வகுப்பு வேளைக்குள்ளேயே, மாற்று ஆசிரியரை ஏற்பாடு செய்துவிட்டுக் கூட்டம் நடத்துவதுதான் நியாயம்.

இதற்கு நடுவே இன்னொரு சுமையும் வந்திருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்கள், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேறவேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபது ஆண்டு அனுபவம் உள்ள ஆசிரியர் இப்போது பயிற்சி அறையில் ரோபாட்டிக்ஸையும் வீட்டில் வினா வங்கியையும் ஒன்றாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

எல்லைக்கு இந்தப் பக்கம்

களியிக்காவிளைக்கு இந்தப்புறம் மேல்புறம், முஞ்சிறை ஒன்றியங்களின் ஆசிரியர்களுக்கு வட்டார வள மையமும் குறுவள மையமும் உண்டு. தமிழ்நாட்டின் வழி வேறு. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்த 'வானவில் மன்றம்' திட்டத்தில், கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களைத் தூக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போவார்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, 13,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் இதில் அடங்கும். கேரளத்தின் பலம் வகுப்பறையில் இருக்கும் கருவி. தமிழ்நாட்டின் பலம் வாசலுக்கு வரும் ஆள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இந்த எல்லைக் கிராமங்களுக்கு வாய்த்திருக்கிறது.

பயிற்சி ஆணைகளோ இஞ்சிவிளையைத் தாண்டுவதில்லை. பாறசாலையில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவரும் களியிக்காவிளையில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கலாம், ஒரே கல்யாணத்தில் பந்தியில் உட்காரலாம். பயிற்சி அறையில் மட்டும் பக்கத்தில் உட்கார வழியில்லை. இந்த மண்ணின் ஆற்றலுக்குச் சான்று தேடி அலையவேண்டியதில்லை. இஸ்ரோவின் தலைவராக இருந்த கே. சிவனும், 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்த வி. நாராயணனும் குமரி மாவட்டக் கிராமங்களில் தமிழ் வழியில் படித்தவர்கள். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய தும்பா, எல்லைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் கடற்கரையில் இருக்கிறது. கிராமத்துப் பள்ளியையும் தும்பாவையும் இணைத்தவர்கள் யாரோ சில வாத்தியார்கள்தான்.

சேர்ந்து கற்க இந்த ஊர்களுக்குப் பொருளும் இருக்கிறது. நெய்யாறு அகஸ்தியர் மலையில் பிறந்து, 56 கிலோமீட்டர் ஓடி, பூவாற்றில் கடலைச் சேர்கிறது. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வரை வந்து 9,200 ஏக்கருக்குப் பாய வேண்டியது. 2004 முதல் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் வருவதில்லை. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. வழக்கை வழக்கறிஞர்கள் பார்க்கட்டும். ஆற்று நீரின் கலங்கல், கிணற்று நீரின் உப்பு, பொழியூரிலும் நீரோடியிலும் கடல் தின்னும் கரையின் அளவு ஆகியவற்றை இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே முறையில் அளந்து ஒரே அட்டவணையில் எழுதலாம். அதற்கு முன் ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து, எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்தக் கருவியால் அளப்பது என்று முடிவு செய்ய வேண்டும். கைட் பெட்டியில் இருக்கும் எல்.டி.ஆர்., ஓர் எல்.இ.டி., ஒரு கண்ணாடிப் புட்டி இவற்றைக்கொண்டே கலங்கல் அளக்கும் எளிய கருவியைச் செய்துவிடலாம். புட்டியில் மண் கூடினால் ஒளி குறையும். ஒளி குறைந்தால் எண் மாறும்.

மொழியும் தடையில்லை. கேரளத்தின் கணினிப் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என நான்கிலும் வருகின்றன. மேல்புறத்து ஆசிரியர் கேரள ரோபாட்டிக்ஸ் பாடத்தைத் தமிழிலேயே படிக்கலாம்.

இரண்டு மாநிலத்துக்கும் மே முதல் பாதி பொதுவான விடுமுறை. இரண்டு நாள் போதும். பாறசாலையில் ஹைடெக் அறை உள்ள ஓர் அரசுப் பள்ளி, பக்கத்துக்கு இருபத்தைந்து ஆசிரியர்கள், களியிக்காவிளையிலிருந்து ஒரு பேருந்து. ஈடாக வேறு இரண்டு நாள் விடுப்பு. முதல் நாள் காலை விருந்தினர் உரை வேண்டாம். ஒவ்வொருவரும் தன் வகுப்பில் எடுபடாத ஒரு சோதனையைப் பையில் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, ஏன் எடுபடவில்லை என்று செய்துகாட்ட வேண்டும். மதியம் அதைப் பழுதுபார்ப்பது. இரண்டாம் நாள் பூவாறு போய்த் தண்ணீர் எடுப்பது. பூஜப்புரையிலிருந்து ஓர் ஆணையும் சென்னைக் கல்லூரிச் சாலையில் இருக்கும் பள்ளிக்கல்வி இயக்ககத்திலிருந்து ஓர் ஆணையும் வந்தால், வருகிற மே மாதமே இதைத் தொடங்கிவிடலாம்.